வாயில் வார்த்தை வராதபோது: கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த முதல் வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அந்த வாரம் பார்க்க வந்த எங்கள் ஊர் உபதேசியார் பழப்பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, "வாயில வரலன்னா விடுப்பா. கண்ணால பாரு. கெத்செமனேல அவரு எப்படிக் கெடந்தாருன்னு பாத்துக்கிட்டே உக்காரு, அதுவும் ஜெபந்தான்" என்று சொல்லிவிட்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அதற்கு மேல் விளக்கம் ஒன்றும் கிடையாது. எங்கே தொடங்குவது, எவ்வளவு நேரம், நடுவில் அழுகை வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் தப்பும் தவறுமாக நானேதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தப்புகளில் சிலவற்றையாவது உங்களுக்கு மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. நான் கத்தோலிக்கன், என் மனைவி வீடு லுத்தரன். அமெரிக்க லுத்தரன் மிஷனரிகள் 1895-இல் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கியவர்கள், எலத்தகிரி, கோவிலூர் பக்கம் கத்தோலிக்கர்கள் பழைய குடி, ஆக எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டுக்குள்ளேயே தவக்காலமும் உண்டு, லெந்து நாட்களும் உண்டு. செபமும் உண்டு, ஜெபமும் உண்டு. இதில் நான் எந்த வார்த்தையைப் போட்டாலும் உங்கள் சபை வார்த்தையாக மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகிற முறை இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

ஏன் பாடுகள், ஏன் வேறு ஏதாவது ஆறுதலான வசனம் இல்லை என்று கேட்கலாம். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விலை சரிந்த வருடத்தில் பறிக்கிற கூலிகூடத் தேறாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிறவரிடம் போய் "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். வசனத்தில் தப்பில்லை, நேரம்தான் தப்பு. ஆனால் இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே அப்படியில்லை. அங்கே தேவகுமாரனே ஒன்று கேட்கிறார், இந்தப் பாத்திரத்தை எடுத்துவிடும் என்று, அது எடுக்கப்படவில்லை. கேட்டும் கிடைக்காத இடத்தில் நிற்கிற ஒருவருக்கு உட்கார இடம் இருக்கிற பக்கம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, எப்படித் தொடங்குவது.

நேரம் பத்து நிமிடம் போதும். முதல் மாதம் அதற்கு மேல் போகாதீர்கள், ஆசையாக இருந்தாலும் வேண்டாம். கஷ்டத்தில் இருக்கிறவர் முதல் நாள் ஒரு மணி நேரம் உட்காருவார், இரண்டாம் நாள் அரை மணி, மூன்றாம் நாள் அந்தப் பக்கமே போகமாட்டார். நானும் அப்படித்தான் செய்தேன். எந்த நேரம் என்றாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். மாற்கு எழுதியபடி காலை ஒன்பது மணிக்குச் சிலுவையில் அறைந்தார்கள், பன்னிரண்டுக்கு இருட்டியது, மூன்று மணிக்கு உயிர் போனது. அதனால் மதியம் மூன்று மணிக்கு ஒரு நிமிடம் நிற்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆனால் ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கிறவருக்கு மூன்று மணி நடக்காது. நான் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி குருபரப்பள்ளி தாண்டியதும் கண்ணை மூடுவேன், சூளகிரி வரும்போது திறப்பேன். தூங்குகிறேன் என்று பக்கத்து சீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார், நல்லதுதான். வீட்டில் என்றால் மொட்டை மாடி, மாட்டுக் கொட்டகைத் திண்ணை, எல்லோரும் எழுவதற்கு முன் சமையலறை, எதுவானாலும் சரி. மெழுகுவத்தி ஏற்றுவதும் சிலுவை வைப்பதும் உங்கள் இஷ்டம்.

அடுத்தது, எதைப் படிப்பது. நான்கு நற்செய்திகளிலும் பாடுகள் இருக்கின்றன, தொடங்குகிறவர்களுக்கு மாற்கு 14, 15 அதிகாரங்களைச் சொல்வேன். நான்கிலும் சின்னது மாற்கு, வளவளவென்று போகாது. முதல் நாள் மட்டும் பத்து நிமிடக் கணக்கை மறந்துவிட்டு இரண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சில், முடிந்தால் வாய்விட்டுப் படித்துவிடுங்கள், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அப்போது ஒன்று கவனிப்பீர்கள். இவ்வளவு பெரிய சம்பவத்தில், அவரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்பதை மாற்கு ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஆணி எத்தனை, எவ்வளவு ரத்தம் என்பதெல்லாம் இல்லை. பிரசங்கங்களிலும் சினிமாவிலும் பார்த்த ரத்தக் காட்சிகளைத் தியானத்துக்குள் இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கனவே நொந்து போயிருக்கிற மனசுக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும்.

அப்புறம் அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்பதை உங்கள் கஷ்டமே சொல்லும். கேட்ட ஜெபம் நடக்கவில்லையா, கெத்செமனே. சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனவன் நேற்றுவரை வீட்டில் வந்து சாப்பிட்டவன் என்றால், முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்த யூதாஸ். நீங்கள்தான் ஒருவரைக் கைவிட்டீர்கள், அது உறுத்துகிறது என்றால், முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே தெரியாது என்று சொன்ன பேதுரு. குழுக்கடன் வசூலுக்கு வந்தவர்கள் தெருவே பார்க்கும்படி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், போர்ச்சேவகர் ஊதாச் சால்வையைப் போர்த்தி முள்முடி வைத்துச் சிரித்த இடம். அவமானம் என்பது என்னவென்று அங்கே தெரிகிற அளவு வேறு எங்கும் தெரியாது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, வயல்வெளியிலிருந்து தன் வழியே வந்துகொண்டிருந்த சீரேனே ஊர் சீமோன். அவராக விரும்பி வரவில்லை, பிடித்து நிறுத்திச் சிலுவையைத் தூக்க வைத்தார்கள். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம், மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்யும்போதெல்லாம், சீமோனும் முணுமுணுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். இன்னொன்று, தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள். மகதலேனா மரியாள், சின்ன யாக்கோபின் தாய் மரியாள், சலோமே என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார் மாற்கு. அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, ஆனால் போய்விடவில்லை. ஐசியு கண்ணாடிக்கு வெளியே நின்றிருக்கிறவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இப்போது உட்காருவது. கெத்செமனேயையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

செல்போனை சைலண்டில் போட்டுவிட்டு, பகுதியை ஒரு முறை மெதுவாகப் படியுங்கள், மாற்கு 14, 32 முதல் 42 வரை. மூடிவிட்டுக் கண்ணை மூடுங்கள். இடத்தைப் பாருங்கள். இது நானாகச் சொல்வதில்லை, புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிக்கொடுத்த வழி, முதலில் இடம், பிறகு ஆட்கள், பிறகு பேச்சு. கெத்செமனே என்ற சொல்லுக்கே எண்ணெய்ச் செக்கு என்றுதான் பொருள். ஒலிவமலை அடிவாரத்தில் ஒலிவம்பழம் ஆட்டுகிற இடம். நமக்குத் தெரிந்த செக்குதானே, கடலையோ எள்ளோ போட்டால் உலக்கை சுற்றிச் சுற்றி அழுத்துகிற சத்தமும், பிண்ணாக்கு வாசனையும். பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருகிற பண்டிகை, ஆக நிலா வெளிச்சம் இருந்திருக்கும். குளிர் இருந்தது, கொஞ்ச நேரம் கழித்து பிரதான ஆசாரியர் வீட்டு முற்றத்தில் தீ மூட்டிக் குளிர்காய்ந்தார்கள் என்று யோவான் சொல்கிறார். மரத்தடியில் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒருவர் தரையில் முகம்குப்புற விழுந்து கிடக்கிறார்.

அவ்வளவுதான். அங்கே போய் நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். உடனே ஏதாவது உணர வேண்டும் என்று முயற்சி செய்யாதீர்கள். மனசு கடன் தவணைக்கும் நாளைக்கு யார் மாட்டுக்குத் தீவனம் வைப்பது என்பதற்கும் ஓடும், ஓடட்டும், பிடித்து இழுக்காமல் திரும்ப அந்த மரத்தடிக்கு வாருங்கள். பத்து நிமிடத்தில் இருபது தடவை திரும்பி வந்தாலும் பரவாயில்லை. தூங்கிவிட்டால்? சீஷர்கள் ஏன் தூங்கினார்கள் என்பதற்கு லூக்கா ஒரு காரணம் கொடுக்கிறார், துக்கத்தினால் என்று. சோம்பேறித்தனத்தினால் என்று எழுதவில்லை. கவலையில் கிடப்பவர்களுக்குத் தூக்கம் எப்படி அடித்துப் போடும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்து நிமிடம் போனதும் பேசுங்கள். இதுதான் புதியவர்கள் தயங்குகிற இடம். தேவனிடம் பேசுவதென்றால் வேதபாஷையில் பேச வேண்டும், குறை சொல்லக் கூடாது, கோபப்படவே கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே, வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசுங்கள். "எனக்குப் பயமா இருக்கு. இந்த ஆப்பரேஷன் வேணாம். பணம் இல்ல." இப்படி. இயேசு அங்கே ஜெபிக்கப் போகும் முன் சொன்னதே, என் ஆத்துமா சாகிற அளவுக்குத் துக்கப்படுகிறது என்பதுதான், அதையும் நண்பர்களிடம் சொல்லி, கூட இருங்கள் என்று கேட்டார். பிறகு மூன்று முறை ஜெபித்தார். மூன்றாம் முறையும் அதே வார்த்தைகள்தான் என்று மத்தேயு குறித்துவைத்திருக்கிறார். சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்ற கூச்சம் உங்களுக்கு வேண்டாம்.

அவர் கடைசியாகச் சொன்ன "உம்முடைய சித்தத்தின்படியே" என்பதை நீங்கள் எப்போது சொல்வது? அவசரமில்லை. இதை நான் சொன்னால் சில போதகர்களுக்குப் பிடிக்காது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் நாளே சொல்லிவிட்டு, உள்ளுக்குள் கசந்துபோய் ஒரு வருடம் கோயில் பக்கமே வராதவர்களை எனக்குத் தெரியும். முதல் பாதியை, அதாவது இதை எடுத்துவிடும் என்பதை, மனசாரச் சொல்லுங்கள். இரண்டாம் பாதி தானாக வருகிற நாளில் வரும். எனக்கு ஐந்தாம் மாதம் வந்தது, அதுவும் அரை மனதோடு.

ஒன்றும் பேசத் தோன்றாத நாட்களுக்கு 22-ஆம் சங்கீதம் கைகொடுக்கும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சிலுவையில் இயேசு உரக்கச் சொன்னது இந்தச் சங்கீதத்தின் முதல் வரியைத்தான். அதாவது, சாகிற நேரத்தில் அவரே சொந்த வார்த்தை தேடாமல் தெரிந்த ஜெபத்தைச் சொன்னார். நாமும் சொல்லலாம். அந்தச் சங்கீதம் புகழ்ச்சியில் போய் முடிகிறது, ஆனால் அந்த முடிவுக்குத் தாவிவிடாதீர்கள். முதல் இரண்டு வசனத்திலேயே ஒரு வாரம் நிற்பதில் தப்பே இல்லை. அதுவும் முடியாவிட்டால், "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று பர்திமேயு கத்திய அந்த ஒரு வரியை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். களி கிண்டும்போதுகூட சொல்லலாம், என் மாமியார் அப்படித்தான் சொல்வார், துடுப்பு ஒரு சுற்றுக்கு ஒரு தடவை.

பத்து நிமிடம் முடிந்ததும் ஒரு பரலோக மந்திரம், அல்லது பரமண்டல ஜெபம், சொல்லி எழுந்துவிடுங்கள். நன்றாக இருந்தது என்று நீட்டவும் வேண்டாம், ஒன்றுமே நடக்கவில்லை என்று நீட்டவும் வேண்டாம். முடிந்தால் ஒரு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் பாதி நாள் "தூங்கிட்டேன்" என்றுதான் இருக்கிறது.

தனியாகச் செய்வது பழகிய பிறகு, அல்லது தனியாகச் செய்யவே முடியாவிட்டால், கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எந்தப் பங்கிலும் சிலுவைப் பாதை நடக்கும். மொத்தம் 14 நிலைகள், அந்த எண்ணிக்கையை 1731-இல் போப் பன்னிரண்டாம் கிளமெந்து உறுதிப்படுத்தினார். மூன்று முறை விழுவதும், வெரோனிக்கா முகம் துடைப்பதும் பைபிளில் இல்லையே என்று என் மனைவி கேட்பாள், உண்மைதான், பாரம்பரியத்திலிருந்து வந்தவை. அவள் வீட்டுப் பக்கம் பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகளை வைத்துத் தியானிப்பார்கள். இரண்டுக்கும் போய்ப் பாருங்கள். ஜெபமாலை பழக்கமுள்ளவர்களுக்கு செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் துக்க மறையுண்மைகள் வரும், ஐந்தில் முதலாவது கெத்செமனேதான். முட்டி போட முடியாதவர்கள் உட்கார்ந்தே செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

இனி கவனமாக இருக்க வேண்டிய சில விஷயங்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டுமோ என்னவோ.

அவர் பட்டதைவிட நான் படுவது என்ன பெரிசு என்று உங்கள் வலியைத் தராசில் போடாதீர்கள். தூரத்தில் நின்ற பெண்களிடம் உங்கள் துக்கம் சின்னது என்று யாரும் சொல்லவில்லை. அதே மாதிரி, நான் செய்த பாவத்துக்குத்தான் இந்த நோய் என்று யாராவது சொன்னால் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். பிறவிக்குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டது இதே கேள்வி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று. இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார்.

அடுத்தது கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனோடு இருக்கிற பெண்ணிடம் "உன் சிலுவையைச் சும" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். இயேசு தன் சிலுவைக்குத் தானாக நடந்து போனார். அதற்கு முன் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தபோதும், கல்லெறிய வந்தபோதும் விலகித்தான் போனார், நற்செய்தியில் எழுதியிருக்கிறது. அடி வாங்குகிறவர் பாதுகாப்பான இடத்துக்குப் போவதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

மருந்தை நிறுத்தாதீர்கள். வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லையே, வலிமருந்து எதற்கு என்று ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அதே இயேசு கடைசியில் தாகமாயிருக்கிறேன் என்று கேட்டு, கொடுத்த காடியை வாங்கிக்கொண்டார் என்று யோவானில் இருக்கிறது என்றேன். அந்த ஆள் அதற்குப் பிறகு வரவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் நோன்பென்று சாப்பாட்டை விடுவதும் வேண்டாம், கஷ்டகாலமே போதுமான நோன்பு.

தியானத்தில் உட்கார்ந்தால் துக்கம் குறையாமல் நாளுக்கு நாள் ஏறுகிறது, தூக்கமில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அன்றைக்கே தியானத்தை நிறுத்திவிட்டு ஒரு மனுஷரிடம் பேசுங்கள். வீட்டில் ஒருவர், பங்குத்தந்தை, சபைப் போதகரான ஐயர், யாரானாலும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். இயேசுவுக்கே சிலுவையைத் தூக்க இன்னொருவர் தேவைப்பட்டார் என்பதை மாற்கு மறைக்கவில்லை.

கடைசியாக, நாட்கள் விட்டுப்போவதைப் பற்றி. விட்டுப்போகும். மாம்பழ சீசனில் மண்டிக்கு லோடு ஏற்றுகிற வேலையில் எனக்கு ஒரு மாதம் அப்படியே போனது, அப்பா இறந்த பிறகு இரண்டு மாதம். எந்தக் காட்சியில் விட்டோம் என்று நோட்டைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்காதீர்கள், அந்தத் தேடலே ஒரு நாளைத் தின்றுவிடும். திரும்ப மாற்கு 14, 32. அதே மரத்தடி, அதே மூன்று பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் இதுவரை ஆறு முறை அங்கிருந்து தொடங்கியிருக்கிறேன்.